குருத்து

உதகையில் கார்த்திகை பிறந்துவிட்டால் மக்கள் மாலைதோறும் வானத்தைப் பார்ப்பார்கள். முகில் மூடிய இரவென்றால் அச்சமில்லை. விண்மீன்கள் தெளிந்து ஒளிரும் காற்றசையா இரவே உறைபனிக்கு உரியது. நிலம் பகலில் பெற்ற வெப்பமெல்லாம் தடையின்றி வானுக்குப் போய்விட, விடியலில் புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும்.

ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூருக்கு நான் மாறுதலில் சென்றபோது, அப்பா மறைந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தஞ்சைப் பக்கத்துக் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவும் என்னுடன் வந்தார். ஒரு பெட்டியும் ஒரு தொட்டிச் செடியுமே அவர் கொண்டுவந்தவை. 'அரிக்கா பாம்' என்று நர்சரிகளில் விற்கும் அந்தப் பனைவகை மடகாஸ்கர் தீவுக்குரியது; அப்பா வாங்கி வைத்தது. இந்தக் குளிரை அது தாங்காது என்றனர் அண்டை வீட்டார்.

புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கும். தென்னையும் பனையும் அவ்வகையில் புல்லே. பலமுறை வகுப்பில் நடத்திய இப்பாடம் எனக்கு எங்கள் வீட்டுப் பால்கனியில்தான் முழுமையாக விளங்கிற்று. வேம்பின் கிளை முறிந்தால் பக்கத்தில் துளிர்க்கும். இச்செடியிலோ ஒரு தண்டுக்கு ஒரே குருத்து. அது அழுகினால் அத்தண்டு மீண்டும் தழைப்பதில்லை. எங்கள் தொட்டியில் இருந்தவை மூன்று தண்டுகள்.

சிமெண்டுத் தரையின் குளிர் ஏறாதவாறு தொட்டியைப் பலகைமேல் வைத்துச் சுவரோரம் நகர்த்தினோம். பகல் வெயிலை வாங்கிய சுவர் இரவில் அதை மெல்ல விடும். தொட்டியைச் சுற்றிச் சாக்குக் கட்டினோம். குளிரில் வேர் நீரை அதிகம் உறிஞ்சாது. ஈர மண்ணில் கிடந்தால் அழுகும். ஆகவே நீரையும் குறைத்தோம். பொழுது சாயுமுன் அம்மா மட்டைகளைச் சேர்த்துத் தளர்வாகக் கட்டி, அப்பாவின் பழைய வேட்டியால் போர்த்துவார். இலையில் ஒட்டிக் குளிரை இறக்கும் பாலித்தீன் தாள் இதற்கு ஆகாது. காலையில் வெயில் ஏறியதும் போர்வையை விலக்குவார். தமக்குக் கம்பளி போர்த்திக்கொள்ள மட்டும் பலமுறை நினைவூட்ட வேண்டியிருந்தது.

தை மாதத்தில் ஓரிரவு கடும்பனி. இரண்டே நாளில் மட்டைகள் பழுப்பேறித் தொங்கின. பார்க்கச் சகியாமல் நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வெட்டாதப்பா. காய்ஞ்ச மட்டைதான் குருத்துக்குப் போர்வை. பங்குனி வரட்டும்" என்றார் அம்மா.

பிறகு குனிந்து, நடுவில் விரியாதிருந்த இளவோலையை இரு விரல்களால் மெல்ல இழுத்தார். குருத்து அழுகியிருந்தால் ஓலை கையோடு வந்துவிடும். முதல் தண்டில் வந்துவிட்டது. அடுத்ததிலும் வந்தது. மூன்றாவதைத் தொடுமுன் சற்று நின்றார். இழுத்தார், அசையவில்லை. மீண்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

ஒன்றும் பேசாமல் எழுந்து, வேட்டியை உதறி மடித்து, மாலைக்கு எட்டும்படி கொடியில் போட்டார்.