கழுத்தும் மணியும்

மணிமாலை இப்போது எல்லார் கழுத்திலும் கிடக்கிறது. கோயில் வாசலில் விற்ற சரக்கு துணிக்கடைக்கும் விமான நிலையக் கடைக்கும் ஏறிவிட்டது. உருத்திராட்சம், துளசி, படிகம், சந்தனம் என்று பல தினுசு. அடியில் ஒரு குஞ்சம். ‘தியான மாலை’ன்னு சீட்டு ஒட்டி, மனசு அமைதியாகும் என்று சொல்லி விற்கிறார்கள். ஜீன்ஸுக்கும் பொருந்துகிறது, காவிக்கும் பொருந்துகிறது. இதில் நாம் பேச என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. நமக்கு இந்தக் கழுத்து சும்மா கிடைத்துவிடவில்லை.

மாலைக்கு ஒரு கணக்கு உண்டு. 108 மணி, அதற்கு மேல் தனியாக ஒன்று. அதை மேரு என்பார்கள். கட்டைவிரலாலும் நடுவிரலாலும் ஒவ்வொரு மணியாகத் தள்ளி மந்திரத்தை எண்ணவேண்டும். மேரு வந்தால் தாண்டக்கூடாது. மாலையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போகணும். ஆள்காட்டி விரல் மட்டும் மணியில் படவே கூடாது. அது அகங்காரத்தின் விரலாம். விரல்களுக்குள்ளேயும் ஒரு தீண்டாமை! நம்ம சேரி முக்குச் சிலைகளில் அம்பேத்கர் நீட்டிக்கொண்டு நிற்பது அந்த விரலைத்தான்.

எண்ணிக்கை தப்பாமல் இருக்க, மனசு அலையாமல் இருக்க, கையில் ஒரு பிடி. அவ்வளவுதான் மாலையின் பொருள். திபெத்தியப் பௌத்தர் கையிலும் மாலை உண்டு, முஸ்லிம்களிடம் தஸ்பீஹ் மணி உண்டு, கத்தோலிக்கரிடம் செபமாலை உண்டு. அதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. எங்கம்மா நாத்துப் பறிக்கப் போனால் நூறு முடிக்கு ஒரு கூழாங்கல்லை வரப்பில் எடுத்து வைக்கும். கணக்கு தப்பினால் கூலி போச்சு. அதுவும் மனசு அலையக்கூடாத எண்ணிக்கைதான். அதற்குத் தியானம் என்று யாரும் பேர் வைக்கவில்லை.

மாலை ஏறினால் மனுசன் மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்க சித்தப்பா ஒரு கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டார். துளசிமணி மாலை, கறுப்பு வேட்டி. அன்றையிலிருந்து ஊர்த்தெருவுக்கு அவர் ‘சாமி’. அவரைவிட இருபது வயசு சின்னவனான ஆண்டை மகன், ‘‘சாமி, மடை பார்த்துட்டு வந்தீங்களா?’’ன்னு கேட்டான். டீக்கடையில் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். இருமுடியை மட்டும் ஊர்க்கோயிலில் கட்ட விடவில்லை. சேரி மாரியம்மன் கோயிலில்தான் கட்டிக்கொண்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டினார். மறுநாள் விடியறதுக்குள் வாசலில் அதே குரல்: ‘‘எங்கடா போய்த் தொலைஞ்ச நாலு நாளா?’’ டீக்கடையில் கீத்துல செருகின தனிக்கிளாஸ் அதே இடத்தில் இருந்தது. அத்தனை நாளும் மரியாதை மணிக்குத்தான் நடந்திருக்கிறது. சித்தப்பா அப்புறம் மாலை போடவே இல்லை. ஏன்னு கேட்டதுக்கு, ‘‘கழட்டுனப்புறம் அந்த ‘டா’ முன்னைவிட வலிக்குதுப்பா’’ன்னார்.

நாம் விரும்பாமலே நம் கழுத்தில் ஏறியவையும் உண்டு. பேஷ்வாக்கள் ஆட்சியில் தீண்டப்படாதவர் அடையாளத்துக்காகக் கழுத்திலோ மணிக்கட்டிலோ கறுப்புக் கயிறு கட்டவேண்டும். பூனாவில் எச்சில் துப்பக் கழுத்தில் மண்கலயம் தொங்கவேண்டும். 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் இதை எழுதினார்.

திருவிதாங்கூரில் புலையப் பெண்களுக்கு விதித்தது கல்மாலை. பொன்னும் வெள்ளியும் கூடாது. கல்லும் மணியும் கோர்த்த மாலைகள்தான் மாரில் கிடக்கணும், அதுவும் துணி போடக்கூடாத மாரில். தூரத்தில் பார்க்கும்போதே சாதி தெரியணும், அதுக்குத்தான். மாலையை எறிந்துவிட்டு ரவிக்கை போடுங்கள் என்று அய்யன்காளி அழைத்தார். கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் 1915இல் இது பெரும் கலவரமானது. ஆதிக்கச் சாதியார் தாக்கினார்கள், குடிசைகள் எரிந்தன. அந்த டிசம்பரில் கொல்லம் பீரங்கி மைதானத்தில் நடந்த கூட்டத்தில் பெண்கள் கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள். மாலைகள் குவியலாகக் கிடந்தன. அப்படிப்பட்ட மாலைகளைத்தான் இன்றைக்குப் ‘பழங்குடி நகை’ன்னு கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள்.

இதெல்லாம் மலையாள நாட்டுக் கதை, மராத்திக் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. 1930 டிசம்பரில் நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடை விதித்தார்கள். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். முதல் தடையே ஆதிதிராவிடர் பொன், வெள்ளி நகை போடக்கூடாது என்பதுதான்.

எங்க அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். 108 மணி மாலை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்திருந்த தோழர் ஒருத்தர் பிடித்துக்கொண்டார். ‘‘இது பார்ப்பனியச் சரக்கும்மா. 1956இல் நாக்பூரில் பாபாசாகேப் மூணு சரணம் கொடுத்தார், அஞ்சு சீலம் கொடுத்தார், 22 உறுதிமொழி கொடுத்தார். மாலை கொடுத்தாரா?’’

அவள் சொன்னாள்: ‘‘கொடுக்கல அண்ணே. நானும் மந்திரம் எதுவும் சொல்லல. சிவப்புச் சுடிதாருக்கு எடுப்பா இருக்குன்னு போட்டேன். எங்க காலேஜ்ல மத்த பொண்ணுங்க போட்டா யாரும் அர்த்தம் கேக்குறதில்ல. எங்கிட்ட மட்டும் ஏன் கேக்குறீங்க?’’

தோழரிடம் பதில் இல்லை. அவள் கேட்டது நியாயம். அழகுக்காக மட்டும் ஒன்றைப் போட்டுக்கொள்வது நமக்கு மறுக்கப்பட்டே வந்திருக்கிறது. நம் உடம்பில் எது கிடந்தாலும் அது நம்மைப் பற்றி எதையாவது சொல்லியாகணும். முதலில் அடிமை என்று சொல்லச் சொன்னார்கள், பிறகு பக்தன் என்று. இப்போது நம்ம ஆளுங்களே போராளி என்று சொல்லச் சொல்கிறார்கள். பெரிநாட்டுப் பெண்கள் அடிபட்டது ஒரு பெண் தன் கழுத்தில் கிடப்பதைத் தானே முடிவுபண்ணத்தான். அதைச் சிவப்புச் சுடிதாரோடு இவள் அனுபவிக்கிறாள் என்றால் நமக்கென்ன நட்டம்?

அந்த மாலை மனசை அமைதியாக்கும் என்று கடைக்காரன் சொல்வதைத்தான் நான் நம்பவில்லை. நம் பிள்ளைகளின் மனசு அமைதியில்லாமல் இருப்பதற்குக் காரணம் தெருவில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மணி உருட்டி என்ன ஆகும்?

அவளிடம் சொன்னேன்: ‘‘போட்டுக்கம்மா. தோணுறப்ப கழட்டு. போடாதேன்னு எவன் சொன்னாலும், கழட்டாதேன்னு எவன் சொன்னாலும் ஏன்னு கேளு. அடுத்த தடவை வாங்கினா, பஸ் ஸ்டாண்டுலயும் கோயில் வாசல்லயும் உக்காந்து பாசிமணி கோர்க்குறாங்களே நரிக்குறவங்க, அவங்ககிட்ட வாங்கு. அவங்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்க்க நாடாளுமன்றத்துக்கு 2022 டிசம்பர் வரைக்கும் ஆச்சு. பத்து ரூபா குறைச்சுக் கேக்காதே.’’