குறி தவறாத வேகம்



பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில், இலக்கின் நடுவே பத்து மதிப்பெண்ணுக்குரிய புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ஆம் ஆண்டு ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். தகுதிச் சுற்றில் 60 குண்டுகளை 75 நிமிடங்களுக்குள் சுட்டு முடிக்க வேண்டும். குண்டு ஒன்றுக்கு ஒன்றேகால் நிமிடம். தயங்கி நின்றால் நேரம் போய்விடும். பதறினால் குறி போய்விடும்.

நம் சபையின் வாலிபர் ஒருவர் தேசிய மாணவர் படையில் ரைபிள் பயிற்சி பெறுகிறார். விரைவாகவும் பிசகாமலும் சுடுவது எவ்வாறு என்று அவரிடம் கேட்டேன். "விரலை அவசரப்படுத்தக் கூடாது, ஐயா. மற்றவற்றில்தான் நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும்" என்றார். துப்பாக்கியைத் தோளில் பொருத்துவது, கன்னத்தை ஒரே இடத்தில் பதிப்பது, மூச்சை அடக்குவது ஆகிய யாவும் குண்டில்லாத துப்பாக்கியோடு பலமுறை பழகிப் பழகி வீண் அசைவின்றி நடந்தேற வேண்டும். விசையை அழுத்தும் அந்த ஒரு கணம் மட்டும் எப்போதும் நிதானமாகவே இருக்க வேண்டும். பார்வை நிலைகொள்ளாவிட்டால் சுடாமல் துப்பாக்கியைத் தாழ்த்தி, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தாழ்த்துவதும் பயிற்சியின் ஒரு பகுதியே என்றார்.

களம்பூரிலும் ஆரணியிலும் தறியோசை கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்காததன்று. தேர்ந்த நெசவாளர் விரைந்து நெய்கிறார். ஆனால் பாவில் ஓரிழை அறுந்தால் தறியை நிறுத்தி, அதை முடிந்த பின்னரே தொடர்கிறார். நிறுத்த மனமில்லாதவரின் சேலையில் அந்தக் குறை நீண்டுகொண்டே போகும்.

வேதமும் இதை அறிந்திருக்கிறது. நியாயாதிபதிகள் 20:16-இல், மயிரிழையளவும் தவறாமல் கவண் எறியக்கூடிய இடதுகைப் பழக்கமுடைய எழுநூறு பேரைக் குறித்து வாசிக்கிறோம். அங்கே குறி தவறுதலைச் சொல்லும் எபிரெயச் சொல்லே வேறு பல இடங்களில் பாவம் செய்தலையும் குறிக்கிறது. நீதிமொழிகள் 19:2-இல் கால்களை அவசரப்படுத்துகிறவனைக் குறித்தும் அதே சொல் வருகிறது. குறி தவறுவதற்குத் தீய எண்ணம் தேவையில்லை, அவசரமே போதும்.

அமெரிக்க வீரர் மேட் எம்மன்ஸ், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியின் கடைசிக் குண்டு வரை முதலிடத்தில் இருந்தார். அந்தக் குண்டை அடுத்தவருடைய இலக்கில் சுட்டுவிட்டார். மதிப்பெண் சுழியம், கிடைத்தது எட்டாம் இடம். 2008 பெய்ஜிங்கில் அதே போட்டியில் மறுபடியும் முன்னிலையில் நின்றார். துப்பாக்கி இலக்கில் நிலைகொள்ளும் முன்னரே விசை இழுபட்டு, கடைசிக் குண்டு 4.4 மதிப்பெண்ணோடு நின்றது, நான்காம் இடம். ஆயினும் அவர் துப்பாக்கியைக் கைவிடவில்லை. 2012 லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் பெற்றார்.

கடந்த வாரம் நம் சபையின் தகப்பனார் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். மகளுக்கு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். மகளின் கல்லூரிப் படிப்பு முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது. "இரண்டு நாளில் ஜெபித்துச் சொல்லுங்கள், ஐயா" என்றார். "மகள் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டேன். அவர் தலைகுனிந்தார். "இன்னும் கேட்கவில்லை, ஐயா."

அவரிடம் நான் சொன்னது இதுவே. விரைந்து செய்ய வேண்டியவற்றை இன்றே விரைந்து செய்யுங்கள். இன்றிரவே மகளோடு பேசுங்கள். நாளையே பிள்ளையைக் குறித்து விசாரியுங்கள். ஆனால் 'சரி' என்னும் அந்த ஒரு சொல்லை அவசரப்படுத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெளிவு பிறக்காவிட்டால், அவகாசம் வேண்டும் என்று மரியாதையோடு சொல்லுங்கள். காத்திருக்க மறுக்கிறவர்கள் அதனால் விலகிப் போனால், அதுவும் ஒரு பதில்தான்.

பிலிப்பியர் 3:14-இல் இலக்கை நோக்கித் தொடர்ந்து செல்வதாகப் பவுல் எழுதுகிறார். அவர் சோம்பியிருந்தவர் அல்லர். எனினும் அவர் கண் ஒரே இலக்கில் நிலைத்திருந்தது. இவ்வாரம் உங்களில் யாரேனும் கடன் பத்திரத்தில் கையொப்பமிட இருக்கலாம். கோபத்தில் ஒரு சொல்லைச் சொல்ல இருக்கலாம். பார்வை நிலைகொள்ளவில்லையெனில் தாழ்த்தி வையுங்கள். முன்பே தவறிவிட்டவர்கள் மனந்தளர வேண்டாம். தேவன் மறுபடியும் எழுந்து நிற்கச் செய்கிறவர்.

அந்தத் தகப்பனார் அன்றிரவே மகளிடம் கேட்டிருக்கிறார். முடிவு இன்னும் ஆகவில்லை. அவர்கள் வீட்டுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக. ஆமென்.