அக்னி நட்சத்திரக் குறிப்புகள்

ஸ்ரீரங்கம் கோயில் பிராகாரம், மே மாதம், பகல் ஒரு மணி. கல் தரையில் வெள்ளைப் பெயிண்ட் அடித்த பாதையிலேயே எல்லோரும் நடக்கிறார்கள். பாதையை விட்டு இறங்கிய ஒருவர் நாலாவது அடியில் ஓட ஆரம்பித்துவிட்டார். வெள்ளை செய்வது ஒரே வேலைதான்: விழுகிற வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. உள்ளே போகாத வெயில் கல்லைச் சுடவைக்காது.

*

தேங்காய் நார் விரிப்பின் கதை வேறு. அதுவும் அதே வெயிலில்தான் காய்கிறது. கல்லும் விரிப்பும் ஒரே 55 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் கல்தான் சுடும். வெப்பநிலை ஒன்றாக இருக்கலாம். ஒரு நொடியில் பாதத்துக்குள் ஏறும் வெப்பம் ஒன்றல்ல. கால் வைத்ததும் நாரின் மேல்புறம் ஆறிவிடுகிறது, உள்ளே அடைபட்ட காற்று அடுத்த தவணையை அனுப்பத் தாமதிக்கிறது. கருங்கல்லோ கீழிருந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். காய்ந்த மரத்தைவிடக் கருங்கல் பத்துப் பதினைந்து மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும்.

*

மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன் தண்ணீர் வற்றிக் கிடக்கும் காவிரியில் மணல் மேல் நடக்க முடியாது. ஆனால் பெருவிரலால் கொஞ்சம் தோண்டினால் கீழே இதமாக இருக்கும். ஒரு பகலின் சூடு காய்ந்த மணலில் நாலு விரற்கடை இறங்குவதற்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். கருங்கல்லில் ஏறக்குறைய ஒரு சாண் இறங்கும். வாங்கியதை வைத்துக்கொள்ள இடமில்லாத மணல் பொழுது சாய்ந்ததும் ஆறிவிடுகிறது. மலைக்கோட்டைப் பாறை இரவு எட்டு மணிக்கும் உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாக இருப்பது அந்த ஒரு சாண் சேமிப்பால்தான்.

*

பொன்மலை. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுத்த பட்டறை இருக்கும் ஊர். 13 மீட்டர் தண்டவாளம் ஒன்று 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் நாலரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நீளும். பழைய பாதைகளில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே விட்ட இடைவெளி இதற்காகத்தான். அந்த 'தடக் தடக்' சத்தம் அங்கிருந்து வந்தது.

*

திருவெறும்பூரில் பெல் நிறுவனம் 1965இலிருந்து இருக்கிறது. கொதிகலன் தொழில். ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100க்கு ஏற்ற சுமார் 293 கிலோஜூல் போதும். அதே கிலோவை 100 டிகிரியிலேயே வைத்து முழுக்க நீராவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். அதாவது ஏழரை மடங்குக்கும் மேல் வெப்பம் போகிறது, தெர்மாமீட்டர் ஒரு கோடு கூட நகரவில்லை. வெப்பமும் வெப்பநிலையும் ஒன்று என்பவருக்கு இந்த ஒரு கணக்கே போதும். அழுத்தம் 221 பாரைத் தாண்டினால் கொதிப்பது என்ற கட்டமே கிடையாது. தண்ணீர் எங்கே முடிந்து நீராவி எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது.

*

மண்பானையிலும் அதே கணக்குதான். மேல்புறம் கசிந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராமும் சுமார் 2,400 ஜூலை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று உலர்ந்திருந்தால் பானை நன்றாக வேலை செய்யும். ஐப்பசி மழையில் அதே பானை சும்மா இருக்கும்.

*

நம் தோலும் ஒரு பானைதான். காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம்: ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் சுமார் 24 காட்டும். காற்று 36, ஈரப்பதம் 65 சதவீதம்: ஈரத்துணி 30 காட்டும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் வியர்வை எளிதில் காயாது. 40 டிகிரியில் மின்விசிறி தோலைவிடச் சூடான காற்றையே அள்ளி வீசுகிறது. வியர்வை இருக்கும்வரைதான் அது உதவும். தண்ணீர் குடிக்காமல் விசிறியடியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவே கேடு.

*

'திருச்சியில் வெயில் சதமடித்தது' என்று பத்திரிகையில் வருகிறது. 100 பாரன்ஹீட், அதாவது 37.8 செல்சியஸ். 99க்கும் 101க்கும் நடுவே உடம்புக்கு எந்த எல்லையும் இல்லை. கிரிக்கெட்டுக்குத்தான் சதம் பெரிது. செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சதத்தைப் போடுங்கள், பக்கத்திலேயே ஈரப்பதத்தையும் போடுங்கள். வெளியே வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு எண்ணும் வேண்டும்.