இரண்டடி டியூப்லைட்

பெரம்பூர் ஐ.சி.எஃப். குடியிருப்பில் இருந்த சித்தப்பா வீட்டுக்குக் கோடை விடுமுறையில் போனால், நான் முதலில் ஓடுவது மீன் தொட்டிப் பக்கம்தான். கொளத்தூர் மீன் கடைகள் கிட்டத்திலேயே. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் முன்கம்பியில் என்னை உட்கார வைத்துக் கூட்டிப்போவார். திரும்பும்போது காற்றடைத்த பாலிதீன் பை என் மடியில் இருக்கும்.

அப்படித்தான் ஒருமுறை நியான் டெட்ரா வாங்கி வந்தோம். தொட்டிமேல் தொங்கியது 40 வாட் குண்டு பல்பு. அதன் மஞ்சள் வெளிச்சத்தில், கடையில் பளீரென்று தெரிந்த நீலக்கோடு மங்கிப்போய்க் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மீன் மேல குத்தம் இல்லடா, பல்பு மேல" என்றார் சித்தப்பா. அந்த நீலம் சாயமல்ல. தோலுக்குள் இருக்கும் மெல்லிய படிகத் தகடுகள் ஒளியிலுள்ள நீலத்தைத் திருப்பி அனுப்புவதால் தெரிவது. குண்டு பல்பின் ஒளியில் நீலம் குறைவு. பிறகு எங்கே இருந்து மின்னும்? இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின. அவருக்குக் கண்ணே சொல்லிவிட்டது.

மறுவாரமே மூடி செய்ய உட்கார்ந்தார். தகரத்தை வளைத்து, உள்பக்கம் வெள்ளை எனாமல் அடித்து, இரண்டடி நீள 20 வாட் டியூப்லைட்டைப் பொருத்தினார். சோக்கை வெளியே சுவரில் மாட்டினார். ஆவி படாமல் டியூபுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தகடு. "தண்ணியும் கரண்டும் பாத்துக்கவே கூடாது." ஸ்டார்ட்டர் சிமிட்டி விளக்கு நின்று எரிந்தபோது, டெட்ராக் கூட்டம் முழுக்க நீலக்கோடுகள் ஓடின. நான் கத்திய கத்தலில் சித்தி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

வெளிச்சம் மேலிருந்துதான் வர வேண்டும் என்பதில் அவர் பிடிவாதக்காரர். மின்சாரம் போன ஓர் இரவில் அரிக்கேன் விளக்கைத் தொட்டியின் பக்கவாட்டில் வைத்துக் காட்டினார். ஏஞ்சல் மீன்கள் விளக்குப் பக்கமாக முதுகைச் சாய்த்து நின்றன. உள்காதோடு ஒளியையும் வைத்துத்தான் மீன் மேல் எது, கீழ் எது என்று நிதானிக்கிறது. எரிக் ஃபான் ஹோல்ஸ்ட் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் ஏஞ்சல் மீன்களிடமே இந்தச் சாய்வை அளந்திருக்கிறார் என்று பின்னாளில் வாசித்தபோது, அரிக்கேனும் சித்தப்பாவின் கையும்தான் கண்முன் வந்தன.

ஜன்னல் வெயில் பட்டால் தண்ணீர் பச்சையாகிவிடும் என்று திரை போட்டார். மதியம் 2 மணிக்குப் போட்ட விளக்கு ராத்திரி 10 மணிக்கு அணையும். தொட்டியில் வளர்ந்த வேலம்பாசிச் செடிக்கு அந்த எட்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் எரிந்தால் கண்ணாடியில் பாசிதான் படரும். அணைப்பதிலும் ஒரு முறை உண்டு. முதலில் தொட்டி விளக்கு, சற்றுப் பொறுத்து அறை விளக்கு. திடீரென்று இருட்டினால் மீன் மிரண்டு கண்ணாடியில் மோதும். இமையில்லாத அந்தக் கண்களுக்கு நாம் கொடுத்தால்தான் இரவு.

10 மணிக்கு மேல் வரும் விருந்தாளிகள் ஆசையாக ஸ்விட்சுப் பக்கம் கையை நீட்டுவார்கள். சித்தப்பா முன்னால் போய் நின்றுகொள்வார். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க, ஆற அமர உக்காந்து பாக்கலாம்."