ஜட்டுவைக் கொடுத்து சஞ்சுவை வாங்கலாமா? ஒரு டாக்டரோட கணக்கு

1) நவம்பர் 15 காலை. மேடவாக்கம் கூட்ரோடுல டீ குடிச்சுட்டு வீட்டுக்குள்ள நுழையறேன். டிவி முன்னாடி அப்பா, முகமே சரியில்ல. "ஜட்டுவைக் கொடுத்துட்டாங்கடா." ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் 18 கோடிக்கு சென்னைக்கு. "நல்ல டிரேடுதானேப்பா"ன்னேன். மதியம் வரைக்கும் என்கூட பேச்சு இல்ல.

2) அவர் கோவத்துல நியாயம் இருக்கு. 2012ல சென்னைக்கு வந்த ஆள். 2023 ஃபைனல்ல கடைசி 2 பால்ல 10 ரன் வேணும்னப்ப சிக்ஸ், ஃபோர் அடிச்சவர். அதை எந்தத் தராசுல வைக்கறது?

3) டிரேடுன்னாலே எனக்கு என்பிஏ ஞாபகம்தான். பிப்ரவரி 2025ல டல்லஸ் டீம் 25 வயசு லூகா டான்சிச்சைக் கொடுத்து, 31 வயசு அந்தோணி டேவிஸை வாங்குச்சு. முந்தின வருஷம்தான் லூகா அவங்களை ஃபைனலுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தார். டிஃபென்ஸ்தான் கோப்பை ஜெயிக்கும்னு காரணம் சொன்னார் ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசன்.

4) லூகா டிஃபென்ஸ்ல வீக். உண்மைதான். ஆனா டேவிஸோட குறை அடிக்கடி காயம். டல்லஸுக்கு ஆடின முதல் மேட்ச்லயே தொடைத் தசை பிடிச்சுக்கிச்சு, சுமார் ஆறு வாரம் வெளியே. டீம் பிளேஆஃபுக்கே போகல. 2025 நவம்பர் 11ஆம் தேதி ஹாரிசனுக்கு வேலை போச்சு.

5) கூடவே இருக்கறவனோட குறை தினமும் கண்ணை உறுத்தும். வரப்போறவனோட குறை பேப்பர்ல ஒரு வரியா இருக்கும். இந்தத் தப்பை நானும் பண்ணியிருக்கேன்.

6) இட்லிக்கடை வச்சிருக்கற ஒரு அம்மா. பிபிக்கு எனலாப்ரில். "வறட்டு இருமல் தூங்க விடல சார்"னாங்க. அது அந்த மாத்திரையோட தெரிஞ்ச குறை. உடனே அம்லோடிபினுக்கு மாத்தினேன். இருமல் போச்சு. அடுத்த தடவை வந்தப்ப கால் ரெண்டும் வீங்கியிருக்கு. அது இந்த மாத்திரையோட தெரிஞ்ச குறை.

7) விடிகாலைலேர்ந்து அடுப்பு முன்னாடி நிக்கறவங்களுக்கு கால் வீக்கம் சின்ன விஷயமா? அவங்க பொழப்பு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா முதல்லயே லோசார்டன் எழுதியிருப்பேன். அப்புறம் அதைத்தான் எழுதினேன்.

8) அதனால "யார் பெரிய பிளேயர்?"ங்கறது பாதிக் கேள்விதான். "எந்தக் குறையோட இந்த டீமால வாழ முடியும்?"ங்கறது மீதி. 2025ல சென்னை பத்தாவது இடம். டிரேடு நேரத்துல தோனிக்கு 44 வயசு. மேல இறங்கி அடிக்க ஆள் வேணும், அடுத்த கீப்பரும் வேணும். ரெண்டுக்கும் சஞ்சு பொருந்தறார். ஸ்பின்னுக்கு நூர் அகமது இருக்கார்.

9) ஆனா சஞ்சுவும் 2025ல காயத்தால 14 மேட்ச்ல 9தான் ஆடினார். டிரேடு சரின்னுதான் இப்பவும் நினைக்கறேன். இந்த வரியை மட்டும் ரெண்டு தடவை படிச்சுக்கறேன்.

10) ராத்திரி அப்பாகிட்ட இதெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "உன் கணக்கு சரிடா. எனக்கு அந்த ரெண்டு பால் போதும்"னார்.

11) பிபி மாத்திரையால இருமல், வீக்கம் வந்தா நீங்களா நிறுத்தாதீங்க. டாக்டர்கிட்ட சொல்லுங்க. நீங்க என்ன வேலை செய்யறீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.