கண்டலைக் காணப் புறப்படுமுன்

நெய்தல் திணைப் பாடலொன்றை நடத்திக்கொண்டிருந்தபோது இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, கண்டல் எப்படி இருக்கும்?” என்று வினவினாள். கழிக்கரையில் வளரும் ஒருவகை மரம் என்றேன். அவள் அமர்ந்துவிட்டாள். எனக்குத்தான் அமைதி இல்லை. நெய்தல் நிலத் தாவரங்களைப் பற்றியே இளமுனைவர் பட்ட ஆய்வேடு எழுதியவன் நான். தாழை, ஞாழல், புன்னை, கண்டல் என அட்டவணையிட்டு, எந்த நூலில் எத்தனை இடங்களில் வருகின்றன என்று கணக்கிட்டுப் பட்டமும் பெற்றேன். கண்டலை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை.

அன்று மாலையே துறைத் தலைவரிடம் பேசிப் பிச்சாவரம் செல்வதென முடிவு செய்தோம். ‘சுற்றுலா’ என்றால் நிருவாகத்தார் முகம் சுருங்கும். ஆகவே விண்ணப்பத்தில் ‘களப்பயணம்’ என்று எழுதினோம்.

சிதம்பரம் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே விரிந்து கிடக்கிறது அந்த அலையாத்திக் காடு. முதியோர் பலருக்கு அது 1975இல் வெளிவந்த ‘இதயக்கனி’ திரைப்படத்தின் வழியே அறிமுகமான இடம். எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரும் அப்படத்தை நினைவுகூர்ந்த பின்னரே கோப்பை நகர்த்தினார்.

வடகிழக்குப் பருவமழைக் காலம் ஆகாது; சித்திரை வெயிலும் ஆகாது; தை மாதமே ஏற்றது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு உரியது, எனவே சனிக்கிழமை. இயந்திரப் படகு விரைந்து செல்லும் என்றாலும், கிளைகள் கவிந்த குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகே நுழையும் என்பதால் அதையே தேர்ந்தோம். சேற்றிலிருந்து ஈட்டிமுனைகள்போல் மேல்நோக்கி எழும் வெண்கண்டலின் மூச்சுவேர்களையும், ஊன்றுகோல்கள்போல் வளைந்து இறங்கும் சுரபுன்னையின் வேர்களையும் மாணவர் அருகிருந்து காணவேண்டும். சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்டு தொங்கி, பின்னரே கீழே விழுகிறது. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரை வழங்கிய மரமும் அங்கே நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. ஒரு கிளையையும் ஒடிக்கலாகாது என்று முன்கூட்டியே எச்சரித்துள்ளேன்.

பெற்றோருக்கு இசைவுக் கடிதம் அனுப்பினோம். முப்பத்தொன்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் கையொப்பம் பெற்றுவந்தனர். வராத ஒன்று, அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியினுடையது. “வாப்பா கடல் பக்கமே போகக்கூடாதென்கிறார்” என்றாள். அவருடைய தம்பி 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் போனவர். இவள் அப்போது பிறக்கவில்லை.

சில நாள் கழித்து அவரே கல்லூரிக்கு வந்தார். வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த மரணத்திற்கு முன் என் பாடத்திட்டம் எம்மட்டு? உயிர்காப்பு உடை, உடன்வரும் ஆசிரியர்கள், காட்டுக்குள் நீர் அமைதியாக இருப்பது ஆகியவற்றைச் சொன்னேன். பேச்சினூடே, அப்பேரலையின்போது காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததெனவும், கடலுக்கு நேர்முகமாக நின்ற ஊர்களே சிதைந்தனவெனவும் 2005இல் ஆய்வாளர்கள் எழுதியதைக் குறிப்பிட்டேன். அவர் தலைநிமிர்ந்தார்.

“மரமா தடுத்தது, சார்?”

“மரமும் தடுத்தது. ஊர் அமைந்த மேடும் தூரமும் காரணம் என்று சொல்வோரும் உண்டு.”

நெடுநேரம் பேசாதிருந்தார். முன்பு மரங்களை வெட்டியதால் நிலம் தாழ்ந்து, உப்புநீர் தேங்கி வறண்டுபோன இடங்களில், மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டிக் கடல்நீரை உள்ளே விட்டு மறுபடியும் காடு வளர்த்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டறிந்தார். பின்னர்க் கடிதத்தை வாங்கிக் கையொப்பமிட்டார்.

“பிள்ளை படகில் ஏறட்டும். நானும் வருகிறேன், கரையிலேயே நிற்கிறேன்” என்றார்.

பேருந்தில் ஓர் இருக்கை கூட்டிச் சொல்லியிருக்கிறேன். படகுத்துறையில் மட்டும், அவருக்குத் தெரியாமல், அவருக்கும் சேர்த்தே உயிர்காப்பு உடை கேட்டு வைக்க எண்ணம்.