வராமல் போனவர்களின் கணக்கு

"எத்தனை பேர் சார் பாஸ் பண்ணாங்க?"

தரங்கம்பாடியில் நான் நடத்திய மாலை வகுப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நானும் நான்கு வருடம் சளைக்காமல் பதில் சொல்லி வந்தேன். இப்போது வகுப்பு இல்லை. கண்ணில் புரை, முட்டியில் வலி, அதோடு வகுப்பு நடந்த வீட்டின் சொந்தக்காரரும் ஊருக்கே திரும்பிவிட்டார். மூடிய பிறகுதான் அந்தக் கேள்வி பாதிக் கேள்வி என்று எனக்கு உறைத்தது. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மாநிலப் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டெல்டாவில் அந்த வேலை என்றால் பாதி நாள் வயலில்தான். குறுவை, சம்பா, தாளடி என்று ஒவ்வொரு பருவத்திலும் பயிர் அறுவடைப் பரிசோதனை இருக்கும். எந்த ஊர், எந்தப் புல எண் என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை; சமவாய்ப்பு எண்கள்தான் முடிவு செய்யும். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, எண் சொன்னபடி அடி எடுத்து வைத்து நடந்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும்.

"சார், அங்க வேணாம், இந்தப் பக்கம் நல்லா விளைஞ்சிருக்கு" என்பார் ஒரு விவசாயி. பயிர்க் காப்பீடு வந்த பிறகு அதே விவசாயி, "சார், தண்ணி நின்ன அந்த மூலையில வெட்டுங்களேன்" என்பார். நான் சிரித்துக்கொண்டே எண் சொன்ன இடத்தில் கயிற்றைக் கட்டுவேன். கண்ணுக்குப் பட்டதை எடுக்காதே, எடுக்க வேண்டியதை எடு. முப்பது வருடத் தொழிலில் நான் கற்றது அவ்வளவுதான். அதையும் சமயத்தில் மறந்துவிட்டேன் என்பதுதான் இந்தக் கதை.

2020 ஜூன் 30 அன்று சென்னை ஐஐடி தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்றை அறிவித்தது. ஜேஇஇ தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். முதலில் நான்கு வாரப் பாடம், வாரா வாரம் வீட்டுப்பாடம். அதில் தேறினால் தகுதித் தேர்வு. அதிலும் தேறினால் அடிப்படை நிலை, அதில் எட்டுப் பாடங்கள். அதற்கு மேல் டிப்ளமோ, பட்டம் என்று படிப்படியாகப் போகலாம். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. பாடத்தை வீட்டிலிருந்தே வீடியோவில் கேட்கலாம். தேர்வுக்கு மட்டும் மையத்துக்கு நேரில் போக வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது நான் சரியாகப் படிக்கவில்லை.

2021-ல் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் செல்போனோடு வந்தான். "சார், நீங்க புள்ளியியல்தானே? இந்தக் கேள்வி என்ன கேக்குதுன்னே புரியல." கணக்கு அவனுக்கு வந்தது, கேள்வியின் ஆங்கிலம்தான் வரவில்லை. மறுவாரம் அவன் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். திண்ணை போதவில்லை. வெளியூரில் இருந்த நண்பர் ஒருவரின் வீடு ராஜ வீதியில் பூட்டிக் கிடந்தது. சாவி வாங்கினேன். இரண்டு பழைய லேப்டாப், ஒரு வைஃபை, ஒரு கரும்பலகை. இப்படித்தான் ஆரம்பம்.

நான் பாடம் நடத்தியவன் இல்லை. பாடத்தைப் பேராசிரியர்கள் வீடியோவில் நன்றாகவே நடத்தினார்கள். நான் துணைக்கு இருந்தேன். விண்ணப்பம் நிரப்புவது, வருமானச் சான்றுக்கு அலைவது, ஆங்கிலக் கேள்வியைத் தமிழில் உடைத்துச் சொல்வது, பைத்தானில் ஒரு இடைவெளி தவறியதற்காக அழுகிறவர்களுக்குச் சுக்குக் காப்பி கொடுப்பது. காப்பி என் மனைவியின் துறை. 1706 ஜூலை 9-ல் இந்தக் கரையில் வந்திறங்கிய சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகினாராம். வெட்கப்படாமல் அவரே மணலில் எழுதினார், நீங்கள் இங்கிலீஷ் பேச ஏன் கூச்சப்படுகிறீர்கள் என்று அடிக்கடி சொல்வேன். பிள்ளைகள் கண்ணைச் சுழற்றுவார்கள்.

ஒரு நாள் சராசரி பற்றிப் பேச்சு வந்தது. ஒரு விசைப்படகு நாளுக்கு நாள் எத்தனை கிலோ பிடித்தது என்று பட்டியல் போட்டுச் சராசரி எடுக்கச் சொன்னேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களுக்கு நேரே நானே பூஜ்யம் போட்டேன். மீனவர் குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண் கை தூக்கினாள். அதிகம் பேசாத பெண்.

"சார், அது பூஜ்யம் இல்ல சார். வலை போட்டு மீன் கிடைக்கலைன்னாத்தான் பூஜ்யம். தடைக்காலத்துல படகே போகலையே. அது காலி."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. விடுபட்ட தரவுக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன்.

அந்தப் பெண் தகுதித் தேர்வில் தேறினாள். அடிப்படை நிலையில் இரண்டாவது பருவத்தில் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி போட்டேன். யாரோ விசாரித்தபோது, "கல்யாணம் பேசியிருப்பாங்க, வேறென்ன" என்று சொன்னதும் நினைவிருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

நான்கு வருடத்தில் வந்து சேர்ந்தவர்கள் 41 பேர். அடிப்படை நிலையை முடித்தவர்கள் 7 பேர். ஒருவன் டிப்ளமோவும் முடித்து பெங்களூரில் வேலையில் இருக்கிறான். "எத்தனை பேர் பாஸ்" என்றால் "ஏழு பேர்" என்பேன். ஏழு பேரிடமும் எப்படித் தேறினீர்கள் என்று கேட்டு, அதையே புதிதாக வருகிறவர்களுக்கு அறிவுரையாகச் சொல்வேன். காலையில் எழுந்து படி, வீடியோவை இரண்டு முறை பார், இப்படி.

ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியல் அறிஞரைப் பற்றி வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில், குண்டடி பட்டுத் திரும்பி வந்த விமானங்களை வைத்து எங்கே கவசம் போடலாம் என்று பார்த்தார்கள். ஓட்டை விழுந்த இடத்தில் போடலாம் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். திரும்பி வராத விமானங்களைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது வால்டின் கணக்கு. அவர் 1950 டிசம்பரில் சொற்பொழிவுகளுக்காக இந்தியா வந்தபோது நம் நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்துபோனார். இதையெல்லாம் உருக்கமாகச் சொன்னவன், தன் வகுப்பில் திரும்பி வராத 34 பேரைப் பற்றி யோசிக்கவில்லை. கண்ணுக்குப் பட்ட மூலையிலேயே கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

வகுப்பை மூடிய பிறகு பொழுது கிடந்தது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு டிவிஎஸ் 50-ல் கிளம்பினேன். 34 பேரில் 19 பேரைப் பார்க்க முடிந்தது. ஒரு வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரே செல்போன், தங்கை விட்டுக்கொடுத்திருக்கிறாள். ஒருவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் பொறையாரில் கடையில் நின்றுவிட்டான். இரண்டு பேர், "எங்களுக்குப் பிடிக்கல சார்" என்றார்கள். அதுவும் நியாயமான காரணம்தான். சோம்பேறித்தனம் என்று நான் நினைத்திருந்த எத்தனையோ பேரிடம் அதைக் காணவில்லை.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போனேன். கல்யாணமெல்லாம் ஆகவில்லை. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். "வாங்க சார்" என்று நாற்காலி போட்டாள். தயங்கித்தான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தேர்வு, வெளியூர் மையம். முடியும்போது மாலை ஆகிவிடும். இரண்டு பேருந்து மாறி வர இருட்டிவிடும். கூடப் போகிற அண்ணன் அந்த வாரம் கடலுக்குப் போய்விட்டான். தனியாக வீட்டில் விடவில்லை. ஒரு தேர்வு போனதும் வகுப்புக்கு வரவே வெட்கமாகிவிட்டது.

"அதே நாள் நம்ம பசங்க ரெண்டு பேர் அதே மையத்துக்குப் போனாங்களேம்மா. இல்லன்னா நானே கூட வந்திருப்பேனே. ஏம்மா சொல்லல?"

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் அம்மா கொடுத்த டீயைக் குடிக்க எனக்கு நேரம் பிடித்தது.

அவளைப் பற்றி நான் போட்டது பெருக்கல் குறி. போட்டிருக்க வேண்டியது காலிக் கட்டம். காலியாக இருந்திருந்தால் என்றைக்காவது அதை நிரப்பக் கேட்டிருப்பேன். குறி போட்டதும் கணக்கு முடிந்துவிட்டது.

உங்களில் யாராவது உங்கள் ஊரில் இப்படி ஒரு வகுப்பு நடத்தினால், பதிவேட்டில் ஒரு பத்தி கூடுதலாகப் போடுங்கள். "ஏன் வரவில்லை" என்று. இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போய்க் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். நீங்களாக எதையும் நிரப்ப வேண்டாம்.

கிளம்பும்போது அவள் வாசல் வரை வந்தாள். "சார், திரும்ப சேர முடியுமா? சலுகை இருக்குமா?" என்றாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் அங்கேயே சொல்லிவிட்டேன், தேர்வு நாளில் நான் கூட வருகிறேன் என்று.

"உங்களுக்கு முட்டி வலிக்குமே சார்."

பேருந்தில் உட்கார்ந்துதானே போகப்போகிறேன்.